மேடையில் சில நிமிடங்கள்: அமெச்சூர் உடற்கட்டுப் போட்டியின் முன்னும் பின்னும்

ஆணழகன் போட்டியோ பெண்களுக்கான பிகினி ஃபிட்னஸ் போட்டியோ, முதல் தடவை மேடை ஏறுகிறவர் நான்கைந்து மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தயாராகியிருப்பார். நடுவர்கள் அவரைப் பார்ப்பதோ சில நிமிடங்கள்தான். வரிசையில் நிறுத்துவார்கள், நான்கு பக்கமும் திரும்பச் சொல்வார்கள், பிரிவுக்கு ஏற்ப சில போஸ் கேட்பார்கள், அப்புறம் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. அவ்வளவுதான்.

அந்தச் சில நிமிடங்களுக்காக உழைப்பது வீண் என்று சொல்ல நான் வரவில்லை. ஓர் இலக்கை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அதற்கு உண்மையாக இருப்பது பெரிய விஷயம். ஆனால் புதிதாக வருகிறவர்களிடம் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். மேடையில் தெரிகிற உடம்பு ஆரோக்கியத்தின் உச்சம் இல்லை, வலிமையின் உச்சமும் இல்லை. அந்த ஒரு நாளுக்காக உருவாக்கிய நிலை அது. அதற்கான விலையில் ஒரு பகுதியைப் போட்டிக்கு முன்பு கொடுக்கிறோம், இன்னொரு பகுதியைப் போட்டி முடிந்த பிறகு கொடுக்கிறோம். இந்த இரண்டாவது பகுதியைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

முதலில் மேடையில் எதைப் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து வருவோம். 1901 செப்டம்பர் 14 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் உடற்கட்டு வீரர் யூஜின் சாண்டோ நடத்திய போட்டியைத்தான் இந்த வகைப் போட்டிகளின் தொடக்கமாகச் சொல்வார்கள். அங்கே நடுவர்களாக உட்கார்ந்தவர்கள் சாண்டோ, சிற்பி சார்லஸ் லாஸ், எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில். சிற்பியை நடுவராக உட்கார வைத்தார்கள் என்பதிலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது. எவ்வளவு எடை தூக்குகிறாய், எவ்வளவு வேகமாக ஓடுகிறாய் என்பது இங்கே கணக்கில் வராது. உருவம், சமச்சீர், கொழுப்பு கரைந்து தசை எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, மேடையில் எப்படி நிற்கிறாய் என்பதைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்கிறார்கள். இன்றைக்கும் அதுதான் முறை.

மதிப்பெண் போடும் விதத்தைப் புரிந்துகொள்ளாமல் மேடை ஏறி மனம் உடைந்துபோகிறவர்கள் நிறைய. போட்டிகளை நடத்தும் பெரும்பாலான கூட்டமைப்புகளில் நடுவர்கள் உங்கள் உடம்புக்கு நூற்றுக்கு இத்தனை என்று போடுவதில்லை. முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று வரிசைப்படுத்துகிறார்கள். எல்லா நடுவர்களும் கொடுத்த இடங்களைக் கூட்டுவார்கள். பல இடங்களில் ஆக உயர்ந்ததையும் ஆகக் குறைந்ததையும் நீக்கிவிட்டுக் கூட்டுவது வழக்கம். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவருக்கே முதல் பரிசு. ஆக, அன்றைக்கு உங்கள் பக்கத்தில் யார் வந்து நின்றார்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் இடம் அமையும். மூன்று பேர் மட்டும் வந்த பிரிவில் கோப்பை வாங்கின அதே உடம்பு, அடுத்த மாதம் இருபது பேர் வந்த பிரிவில் முதல் கால்-அவுட்டுக்கே, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க நடுவர்கள் முன்னே கூப்பிடும் முதல் குழுவுக்கே, அழைக்கப்படாமல் போகலாம். இரண்டு நாளிலும் உடம்பு ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான். இது தெரியாதவர், தான் எங்கோ தவறு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அடுத்த தடவை உணவை இன்னும் குறைக்கிறார்.

பிரிவைத் தேர்ந்தெடுப்பதிலேயே பலர் பாதிப் போட்டியைத் தோற்றுவிடுகிறார்கள். ஒரு காலத்தில் பாடிபில்டிங் என்ற ஒரே கதவுதான் இருந்தது. இப்போது பல கதவுகள். தொழில்முறைப் போட்டிகளில் முதன்மையான மிஸ்டர் ஒலிம்பியா 1965-இல் தொடங்கியது. அந்த ஒலிம்பியா மேடையில் பெண்களுக்கான ஃபிகர் பிரிவு 2003-இலும், பிகினி 2010-இலும், ஆண்களுக்கான மென்ஸ் ஃபிசிக் 2013-இலும், கிளாசிக் ஃபிசிக் 2016-இலும், பெண்களுக்கான வெல்னஸ் 2021-இலும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பிரிவும் கேட்பது வேறு. மென்ஸ் ஃபிசிக்கில் முழங்கால் வரை வரும் ஷார்ட்ஸ் போட்டுக்கொள்வதால் தொடையை மதிப்பிட முடியாது. தோள் அகலமும் இடை ஒடுக்கமும்தான் அங்கே பேசும். கிளாசிக்கில் உயரத்துக்கு ஏற்ற எடை வரம்பு உண்டு. வெல்னஸில் தொடைக்கும் இடுப்புக்கும் முக்கியத்துவம். பிகினியில் உடம்பு அளவுக்கு மீறிக் காய்ந்து, தசை கோடு கோடாகத் தெரிந்தால் மதிப்பு குறையும். கூடுதலாக உழைத்ததற்காகவே பின்னுக்குத் தள்ளப்படுவது பிகினி பிரிவில் சாதாரணமாக நடக்கும். விதிப் புத்தகத்தை முன்கூட்டியே ஒரு தடவை முழுதாகப் படித்தால் இதைத் தவிர்க்கலாம்.

சரி, தயாரிப்புக்கு வருவோம். ஜிம்மில் இதைச் சுருக்கமாகப் ப்ரெப் என்பார்கள். அடிப்படை எளிய கணக்குதான். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கிலோ கலோரி இருக்கிறது. தசை கரையாமல் கொழுப்பு மட்டும் போக வேண்டுமானால் வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று எரிக் ஹெல்ம்ஸும் அவருடைய சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. 80 கிலோ எடை உள்ளவருக்கு அது வாரம் 400 முதல் 800 கிராம். எட்டு கிலோ இறக்க வேண்டுமென்றால் 10 முதல் 20 வாரம் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால், எத்தனை கிலோ இறக்க வேண்டும் என்பதை முதல் தடவை போட்டியிடுகிறவர் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார். ஐந்து கிலோ போதும் என்று தொடங்குவார். ஐந்து கிலோ போன பிறகு கண்ணாடியில் பார்த்தால் அடிவயிறும் தொடையும் பின்பக்கமும் அப்படியே இருக்கும். அதற்குள் மூன்று வாரம்தான் மிச்சம். அப்போதுதான் சாப்பாட்டைப் பாதியாகக் குறைப்பதும், காலையும் மாலையும் கார்டியோ செய்வதும், யாரோ சொன்ன மாத்திரையைத் தேடுவதும் தொடங்குகின்றன. பெரும்பாலான விபரீதங்களுக்கு இந்த நாள் கணக்கில் விழுந்த பிழைதான் வேர் என்பது என் எண்ணம்.

உடம்பும் சும்மா இருக்காது. கொழுப்பு குறையக் குறைய, லெப்டின் என்கிற, வயிறு நிறைந்த செய்தியை மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் இறங்கும். பசி ஏறும். உங்களை அறியாமலே நடப்பது குறையும், கை கால் அசைவது குறையும், பேசுவதுகூடக் குறையும். உடம்பு எரிபொருளைச் சேமிக்கப் பார்க்கிறது. முதல் மாதத்தில் எடையை இறக்கிய அதே சாப்பாட்டு அளவு நான்காவது மாதத்தில் ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கு இதுவே காரணம். ஒழுக்கம் குறைந்துவிட்டது என்று அந்த நேரத்தில் யாராவது திட்டினால் அவருக்கு உடலியல் தெரியவில்லை என்று பொருள்.

இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944–45-இல், அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். 24 வாரம் அரைப்பட்டினி. எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. எடையோடு சேர்த்து வேறு பலவும் போயின. எரிச்சல் கூடியது, சோர்வு கூடியது, மற்றவர்களோடு பழகும் ஆசை போனது, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். ப்ரெப்பின் கடைசி வாரங்களில் இருக்கும் ஒருவரிடம் ராத்திரி தூக்கம் வராமல் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சமையல் வீடியோ பார்க்கிறேன் என்பார். எண்பது ஆண்டு இடைவெளியில், பட்டினி கிடக்கிற மூளை அதையேதான் செய்கிறது.

போட்டியாளர்களிடமே நேரடியாக எடுத்த அளவுகளும் இருக்கின்றன. 2013-இல் லிண்டி ராஸோவும் சகாக்களும் ஊக்கமருந்து எடுக்காத ஓர் ஆண் போட்டியாளரைப் போட்டிக்கு ஆறு மாதம் முன்பிருந்து ஆறு மாதம் பின்பு வரை அளந்து வெளியிட்டார்கள். உடல் கொழுப்பு 14.8 சதவீதத்திலிருந்து 4.5-க்கு இறங்கியது. ஓய்வு நிலை இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 53-லிருந்து 27 ஆனது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மில்லிலிட்டருக்கு 9.22 நானோகிராமிலிருந்து 2.27-க்கு, அதாவது கால் பங்குக்கு, வந்துவிட்டது. மனநிலைக் குலைவை அளக்கும் கேள்வித்தாளில் 6 ஆக இருந்த எண் 43 ஆனது. இவ்வளவும் நிதானமாக, நேரம் கொடுத்துத் தயாரான ஒருவருக்கு நடந்தவை. ஒரே ஆளின் கதை என்பதை மறக்கக் கூடாதுதான். ஆனாலும், மேடையில் விளக்கு வெளிச்சத்தில் ஆண்மையின் அடையாளமாக நிற்கிற அந்த நிமிடத்தில் அவருடைய ஹார்மோன் அளவு அப்படி இருந்தது என்பதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெண்களுக்கு இது இன்னும் கவனமாகப் பேச வேண்டிய விஷயம். ஃபின்லாந்தில் யூஹா ஹுல்மியின் குழு, போட்டிக்காக உணவைக் குறைத்த 27 பெண்களையும், குறைக்காத 23 பெண்களையும் ஒப்பிட்டது. சுமார் நான்கு மாதத்தில் முதல் குழுவின் உடல் கொழுப்பு சராசரி 23 சதவீதத்திலிருந்து 13-ஐ ஒட்டி வந்தது. லெப்டின், தைராய்டு ஹார்மோனான டி3, ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த எஸ்ட்ரடயால் எல்லாம் இறங்கின. மூன்று நான்கு மாத மீட்புக்குப் பிறகு பெரும்பாலானவை பழைய நிலைக்கு வந்தன. ஆனால் டி3-யும் டெஸ்டோஸ்டிரோனும் அப்போதும் முழுதாக மீளவில்லை. ஓராண்டுக்குள் இரண்டு மூன்று போட்டிகளை அடுக்குகிறவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்க வேண்டும்.

மாதவிலக்கு நின்றுபோனால் அது ப்ரெப் சரியாகப் போவதற்கான அடையாளம் என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்கிறவரை விட்டு விலகிவிடுங்கள். செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற உணவு இல்லாதபோது எலும்பு, இதயம், இனப்பெருக்க அமைப்பு எல்லாம் பாதிக்கப்படும் நிலையைப் பற்றிச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இலேயே தனி அறிக்கை வெளியிட்டு எச்சரித்திருக்கிறது. மாதவிலக்கு நிற்பது அந்த நிலையின் தெளிவான அறிகுறி. மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அது.

இனி பீக் வீக். போட்டிக்கு முந்தைய கடைசி வாரத்தைச் சுற்றி இருக்கும் அளவுக்கு மூடநம்பிக்கை இந்த விளையாட்டில் வேறெங்கும் இல்லை. தண்ணீரை நிறுத்து, உப்பை நிறுத்து, தோலுக்கு அடியில் இருக்கும் நீர் வற்றி, தசை பளிச்சென்று தெரியும் என்பார்கள். உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். கார்போஹைட்ரேட்டை உடம்பு கிளைகோஜனாகத் தசைக்குள் சேமிக்கிறது; அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைக்கிறது. தண்ணீர் குடிப்பதை நிறுத்தினால் தோலுக்கு அடியில் இருப்பது மட்டும் தேடிப் பிடித்து வெளியே போகாது. தசையிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் சேர்ந்தே போகும். விளைவு, தசை தட்டையாகிவிடும், ஜிம் பேச்சில் ஃப்ளாட். மேடைக்குப் பின்னால் எத்தனை தடவை ரப்பர் பட்டையை இழுத்துப் பயிற்சி செய்தாலும் பம்ப், அதாவது தசையில் ரத்தம் பாய்ந்து வரும் புடைப்பு, ஏறாது. நரம்பு தெரியாது. போஸ் கொடுக்கும்போது தொடை பிடித்துக்கொள்ளும். முந்தின வாரம் இதைவிட நன்றாக இருந்தேனே என்று போட்டி முடிந்து புலம்புகிறவர்களில் பலருடைய கதை இதுதான்.

நீர் வெளியேற்றும் மாத்திரைகள், டையூரெடிக், சேர்ந்தால் நிலைமை உயிருக்கு ஆபத்தாகிவிடும். பொட்டாசியம், சோடியம் அளவு தாறுமாறானால் இதயத் துடிப்பின் தாளமே கெடும். மொகமத் பெனாஜிஸா 1992-இல் நெதர்லாந்தில் நடந்த தொழில்முறைப் போட்டியில் வென்ற அன்றே இறந்துபோனார். மிகையான நீரிழப்பே காரணம் என்று சொல்லப்பட்டது. அந்த மேடையில் இருந்தவர்கள் பல ஆண்டு அனுபவசாலிகள். அமெச்சூர் மேடையில் அதே வழியை யாரோ ஒருவரின் வாய்வார்த்தையை நம்பி முயல்கிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கொழுப்பு கரைந்து தயாராக இருப்பவருக்குக் கடைசி வாரத்தில் செய்ய அதிகம் இல்லை. பழகிய உணவு, கொஞ்சம் கூடுதல் கார்போஹைட்ரேட், வழக்கமான தண்ணீர், நல்ல தூக்கம். இன்னும் கொழுப்பு மிச்சம் இருக்கிறவரை எந்தத் தண்ணீர் வித்தையும் காப்பாற்றாது.

போட்டி நாள் பெரும்பாலும் காத்திருப்பிலேயே போகும். முந்தின இரவே டேன் என்கிற பழுப்பு நிறப் பூச்சைப் பூசிவிடுவார்கள். காலையில் மறுபடியும் ஒரு பூச்சு. டைஹைட்ராக்சிஅசிட்டோன் என்ற சர்க்கரை வகைப் பொருள் தோலின் மேலடுக்கில் இருக்கும் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து பழுப்பு நிறம் தருகிறது. மேடை விளக்கு அவ்வளவு கடுமையானது. நிறம் அடர்த்தியாக இல்லாவிட்டால் மாதக்கணக்கில் செதுக்கிய கோடுகள் வெளிச்சத்தில் கரைந்துபோகும். பூசிய பிறகு குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது, உட்காரும் இடமெல்லாம் கறை. உங்கள் பிரிவு பத்து மணிக்கு என்பார்கள், இரண்டு மணி ஆகும். அதற்குள் பம்ப் செய்து களைத்துப்போகிறவர்கள் உண்டு. ஆகவே அனுபவம் உள்ள ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது பெரிய உதவி.

போஸிங்கைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பாடிபில்டிங்கில் கட்டாய போஸ்கள் வழக்கமாக ஏழு. ஒவ்வொன்றிலும் கால் விரலிலிருந்து கழுத்து வரை எல்லாத் தசையையும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடித்து, முகத்தில் சிரிப்போடு, மூச்சு வாங்குவது தெரியாமல் நிற்க வேண்டும். பட்டினியில், தூக்கமில்லாமல், நடுக்கத்தோடு இதைச் செய்ய வேண்டும். பிகினியில் உயரமான குதிகால் செருப்போடு நடந்து வந்து, திரும்பி, இடுப்பை வளைத்து, எதுவுமே கஷ்டமில்லை என்பதுபோல் நிற்க வேண்டும். ஆறு மாதம் எடை தூக்கியவர் கடைசி வாரத்தில்தான் போஸ் பழகுகிறார். மேடையில் முதுகைக் காட்டச் சொன்னால் தோளைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்கிற முதுகையும் மறைத்துவிடுகிறார். தினமும் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் முதல் நாளிலிருந்தே வேண்டும். காசு செலவில்லாமல், உடம்பைக் கெடுக்காமல் இரண்டு மூன்று இடம் முன்னேற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

செலவும் உண்டு. நுழைவுக் கட்டணம், கூட்டமைப்பு உறுப்பினர் சந்தா, பயிற்சியாளர், உடை, டேன், பயணம், தங்குமிடம், பெண்களுக்கு ஒப்பனையும் தலையலங்காரமும். அமெச்சூரில் கிடைப்பது பெரும்பாலும் பதக்கமோ கோப்பையோதான். தொழில்முறைப் போட்டிகளில் கலந்துகொள்ளும் தகுதியான தொழில்முறை அட்டை வாங்கினால் வாழ்க்கை மாறிவிடும் என்று கடன் வாங்குகிறவர்கள், அந்த அட்டையை வைத்திருப்பவர்களில் பலர் வேறு வேலை பார்த்துத்தான் வாழ்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊக்கமருந்தைத் தொடாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. நேச்சுரல் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் சில கூட்டமைப்புகள் சிறுநீர்ப் பரிசோதனையோடு பொய் கண்டறியும் கருவியையும் பயன்படுத்துகின்றன. குறையில்லாத முறை என்று சொல்ல முடியாது, முயற்சியாவது இருக்கிறது. மற்ற பல மேடைகளில் பரிசோதனையே கிடையாது. ஊக்கமருந்து இல்லாமல் வந்தவர் அப்படிப்பட்ட மேடையில் நின்றுவிட்டுத் தன் மரபணுவைக் குறை சொல்லிக்கொள்வதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 2025-இல் ஐரோப்பிய இதயவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு, 2005 முதல் 2020 வரை போட்டியிட்ட 20,286 ஆண் பாடிபில்டர்களைப் பின்தொடர்ந்தது. 121 மரணங்கள், இறந்தவர்களின் சராசரி வயது 45. 46 பேர் திடீர் இதய மரணத்தால் போனவர்கள். அமெச்சூர்களைவிடத் தொழில்முறைப் போட்டியாளர்களுக்கு அந்த ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல். கடும் பட்டினி, நீரிழப்பு, மருந்து என்று பல காரணங்கள் பின்னிக் கிடக்கும் இடம் இது. அமெச்சூருக்கு ஆபத்தே இல்லை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பெண்களுக்குக் குரல் கனத்துப்போவது போன்ற மாற்றங்கள் மருந்தை நிறுத்திய பிறகும் திரும்பாமல் போகலாம்.

அப்புறம், போட்டிக்கு மறுநாள். எல்லோரும் காத்திருந்த நாள் முடிந்துவிட்டது. நாள்காட்டியில் அதற்குப் பிறகு ஒன்றுமே எழுதியிருக்காது. லெப்டின் தரைமட்டத்தில், பசி உச்சத்தில், தடுப்பதற்குத் தேதியும் இல்லை. சாப்பிடத் தொடங்கினால் வயிறு வலித்தாலும் நிறுத்த முடியாது. கிளைகோஜனும் உப்பும் தண்ணீரும் ஒரே நேரத்தில் திரும்பி வருவதால் சில நாளிலேயே எடை கிலோ கிலோவாக ஏறும், கால் வீங்கும். கீஸின் மின்னசோட்டா இளைஞர்களுக்கும் உணவு திரும்பக் கிடைத்தபோது, தசை மீள்வதற்கு முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டிப் போனது. மனவுறுதி இல்லாததால் வந்ததல்ல அது. பஞ்சம் முடிந்ததாக நம்பும் உடம்பு அடுத்த பஞ்சத்துக்குச் சேர்த்து வைக்கிறது.

ஆனால் கண்ணாடி முன் நிற்கிறவருக்கு அது தெரியாது. மேடைப் புகைப்படம் கைபேசியில் இருக்கிறது. ஒரு நாள் மட்டும் இருந்த உடம்பைத் தன் உண்மையான உடம்பு என்று நினைத்துக்கொள்கிறார்; அதன்பின் வருகிற ஆரோக்கியமான உடம்பு அவருக்குத் தோல்வியாகப் படுகிறது. சிலர் உடனே அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கிறார்கள், தயாராகிவிட்டதால் இல்லை, இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்க. எவ்வளவு தசை இருந்தாலும் தன்னைச் சின்னவனாகவே பார்க்கும் மனநிலையை ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவர் 1990-களிலேயே விவரித்திருக்கிறார். ஏற்கெனவே உணவோடு சண்டை போட்ட பழக்கம் உள்ளவர்கள், அதாவது அளவில்லாமல் சாப்பிட்டுப் பிறகு பட்டினி கிடப்பது, வாந்தி எடுப்பது போன்ற வரலாறு உள்ளவர்கள், இந்தப் போட்டியைத் தவிர்ப்பதே நல்லது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ராஸோவின் ஆய்வில் அந்த ஆணின் இதயத் துடிப்பு போட்டி முடிந்து ஒரு மாதத்தில் 46-க்குத் திரும்பியது. டெஸ்டோஸ்டிரோனும் பழைய அளவுக்கு வந்தது. வலிமை மட்டும் ஆறு மாதம் ஆகியும் முழுதாகத் திரும்பவில்லை. ஆகவே தயாரிப்புக்கு எத்தனை மாதமோ, குறைந்தது அத்தனை மாதம் மீட்புக்கும் ஒதுக்க வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்கான உணவுத் திட்டம், எடை எவ்வளவு ஏறினால் சரி என்ற அளவு, ரத்தப் பரிசோதனைக்கான நாள், பெண்களுக்கு மாதவிலக்கு எப்போதைக்குள் திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் யாரைப் பார்ப்பது என்பதெல்லாம் ப்ரெப் தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டியவை. ஒரு பயிற்சியாளரிடம் சேரும் முன், போட்டிக்கு அடுத்த நாள் காலையில் நான் என்ன சாப்பிட வேண்டும், மூன்றாவது மாதத்தில் எந்த எடையில் இருக்க வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். அதற்கு அவரிடம் திட்டம் இல்லையென்றால் வேறு ஒருவரைத் தேடுங்கள்.